கேபின் மின்சாரம் வீட்டு மின்சாரம் அல்ல: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள், கூடவே சம்பந்தியும் சேர்ந்து சிங்கப்பூர் மெரினா பேயிலிருந்து சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் போய்வர டிக்கெட் போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். உனக்கு நடுவில் ஆபீஸ் வேலையும் உண்டாம், லேப்டாப் கூடவே வருகிறதாம். கப்பலில் மின்சார வேலை பார்த்துச் சோறு தின்றவன் என்ற உரிமையில் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, பெட்டியில் வைத்திருக்கும் அந்த ஸ்பைக் பஸ்டரை வெளியே எடுத்து வை. வீட்டில் லேப்டாப்பைக் காப்பாற்றுவது அதுதான் என்று நினைத்துத்தான் எடுத்து வைத்திருப்பாய். வீட்டில் அது சரி. கப்பலில் அதுவே தீப்பிடிக்கக் காரணமாகும். ஏறும்போது ஸ்கேனரில் பார்த்தால் பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். பிடுங்குகிறார்களே என்று கோபப்படாதே, காரணம் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை மண்ணோடு கட்டிவிடுவதால் அதில் ஏறக்குறைய மின்னழுத்தமே இருக்காது. கப்பலில் பெரும்பாலும் அப்படிக் கட்டுவதில்லை. இரண்டு கம்பிகளும் கப்பலின் இரும்பு உடலோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும், இரண்டிலும் உயிர் உண்டு, அதாவது மின்னழுத்தம் உண்டு. எங்கோ ஓரிடத்தில் ஒரு கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால் அதற்காகச் சுக்கான் மோட்டாரோ தீயணைப்புப் பம்போ நின்றுவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. அந்த முதல் பழுதுக்கு பிரேக்கர் விழாது. இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் இன்சுலேஷன் மானிட்டர் அலறும், ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வார்கள். அதுவரை மற்றக் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே முழு மின்னழுத்தமும் நிற்கும். பழுது தீப்பொறி தட்டித் தட்டி விட்டுவிட்டு வந்தால் அது வழக்கமான அளவையும் தாண்டி எகிறும்.

இப்போது ஸ்பைக் பஸ்டருக்கு வா. அதன் உள்ளே வேரிஸ்டர் என்று காசளவில் வட்ட வில்லைகள் இருக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் (கப்பலில் எர்த் என்பது அந்த இரும்பு உடல்தான்) நடுவே ஒன்று. மின்னழுத்தம் எகிறினால் அதை எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான் அதன் தொழில். கரையில் எகிறல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கப்பலில் எர்த் பழுது இருக்கும்வரை அது திரும்பத் திரும்பக் கடத்தும், சூடேறும், சூடேறச் சூடேற இன்னும் அதிகமாகக் கடத்தும். பெட்டியிலுள்ள சுவிட்சோ ஃபியூஸோ பெரும்பாலும் ஒரு கம்பியைத்தான் வெட்டும். மற்றக் கம்பியிலும் உயிர் இருப்பதால் வெட்டிய பிறகும் உள்ளே மின்சாரம் ஓட வழி உண்டு. பிளாஸ்டிக் உருகும், பக்கத்தில் திரைச்சீலை இருந்தால் முடிந்தது கதை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-லேயே இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

உலகம் சுற்றும் அடாப்டர் என்று விற்கிறார்களே, எல்லா நாட்டு முள்ளும் வெளியே வருமே, அந்தக் கட்டையிலும் சிலவற்றில் 'சர்ஜ்', அதாவது மின்னழுத்த எகிறலுக்கான பாதுகாப்பு இருக்கும். அட்டையிலோ அடியிலோ 'ஜூல்' என்று ஓர் எண் போட்டிருந்தால் உள்ளே வேரிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம், அதுவும் வேண்டாம். சர்ஜ் இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகலாமா என்று மாப்பிள்ளை கேட்பார். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. எக்ஸ்டென்ஷன் வயரையும் பல துளைப் பெட்டியையும் முழுக்கத் தடுத்தவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட்டோடு வரும் தடைப் பட்டியலைப் படித்துப் பார், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடு. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பால் பாட்டில் சூடாக்கும் கருவி இதெல்லாம் கேள்வியே வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். பாப்பாவுக்கு வெந்நீர் கேட்டால் கேபின் பார்க்கும் ஆளே கொண்டுவந்து தருவார்.

அமெரிக்க நிறுவனங்களின் கப்பல் என்றால் கேபினில் மேசைக்கு மேலே தட்டை முள்ளுக்கான 110 வோல்ட் சாக்கெட் ஒன்றோ இரண்டோ இருக்கும், பக்கத்தில் வட்டத் துளையுள்ள 220 வோல்ட் ஐரோப்பியச் சாக்கெட் ஒன்று. பழைய கப்பலில் கட்டில் அருகே ஒன்றுமே இருக்காது, புதியவற்றில் யூஎஸ்பி துளைகள் இருக்கும். சிங்கப்பூரின் தடித்த சதுர மூணு முள் பிளக் இரண்டிலும் நுழையாது. ஆனால் போன தடவை ஊருக்கு வந்தபோது இங்கிருந்து வாங்கிப்போனாயே, இரண்டு மெல்லிய வட்ட முள் வைத்த போன் சார்ஜர், அது அந்த 220 வோல்ட் துளையில் அடாப்டர் இல்லாமலே போய் உட்காரும். நம்மூர் மூணு முள் பிளக் உட்காராது.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் இரண்டு சாக்கெட்டிலும் போடலாம், லேப்டாப் ஏறும் வேகமும் மாறாது. 110 வோல்ட்டில் மெதுவாக ஏறும் என்று சிலர் சொல்வார்கள், அது தப்பு. சார்ஜர் இரண்டு மடங்கு ஆம்பியர் இழுத்து அதே வாட்டைத் தரும். 65 வாட் சார்ஜர் என்றால் அப்போதும் ஓர் ஆம்பியர் அளவில்தான் இருக்கும். '230 வோல்ட்' என்று மட்டும் போட்ட சாமான் ஏதாவது இருந்தால், பல் பிரஷ்ஷின் சார்ஜிங் கட்டை இப்படி இருப்பதுண்டு, அதை 220 துளையில் மட்டும் போடு. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

லேப்டாப்புக்கு அடாப்டரே வாங்காமல் ஒரு வழி இருக்கிறது. சார்ஜர் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வயரைக் கழற்றிப் பார். முனை க்ளோவர் இலை மாதிரி மூன்று உருண்டையாக இருக்கும், கடைக்காரர் 'மிக்கி மவுஸ் வயர்' என்பார். சில சார்ஜரில் எட்டு எழுதியது போல இரண்டு துளை. அதே முனையும் மறு பக்கம் அமெரிக்கத் தட்டை முள்ளும் உள்ள வயர் தனியாகக் கிடைக்கும். முஸ்தபாவிலோ சிம் லிம் ஸ்கொயரிலோ கேள். அடாப்டரை விட அதுதான் நல்லது. அமெரிக்கத் துளையில் பிடிப்பு குறைவு, அடாப்டர் மேல் கனமான சார்ஜரை மாட்டினால் பாரத்தில் முன்னால் சாய்ந்து தொங்கும். கப்பல் அதிர்வு ஓயாது, இரவு முழுக்க ஆடி ஆடிப் பாதி கழன்று, காலையில் பார்த்தால் லேப்டாப் பன்னிரண்டு சதவீதத்தில் நிற்கும். பாதி கழன்ற முள்ளில் பொறியும் வரும். வயர் என்றால் பாரம் மேசையில் இருக்கும். லேப்டாப் உலோக உடல் என்றால் மூணு முள் வயராகவே வாங்கு, இரண்டு முள் வயர் என்றால் லேப்டாப் மேல் கை வைக்கும்போது சில சமயம் சுருசுருவென்று இருக்கும்.

உங்கள் நாலு பேருக்கும் சாமான் நிறைய, துளை குறைவு. அதற்கு எக்ஸ்டென்ஷன் தேவையில்லை, நல்ல சார்ஜர் ஒன்று போதும். 100 வாட் 'கேன்' (GaN, காலியம் நைட்ரைடு) சார்ஜர், மூன்று யூஎஸ்பி-சி வாயும் ஒரு பழைய யூஎஸ்பி வாயும் உள்ளது. நேராகச் சுவரில் ஒட்டும் மாதிரி வேண்டாம், வயரோடு மேசையில் உட்காரும் மாதிரி எடு. 65 வாட் ஏன் போதாது என்றால், அந்தச் சார்ஜரில் லேப்டாப் தனியாக இருக்கும்போது 65 கிடைக்கும், பக்கத்தில் ஒரு போனைச் செருகினால் பெரும்பாலும் 45-ம் 20-மாகப் பிரிந்துவிடும். டைப் செய்ய, மெயில் பார்க்க 45 போதும். வீடியோ மீட்டிங் போட்டு, திரையும் முழு வெளிச்சத்தில் வைத்தால் பேட்டரி ஏறாமல் அப்படியே நிற்கும். எதையாவது செருகினாலோ பிடுங்கினாலோ எல்லா வாயும் ஒரு நொடி அணைந்து மறுபடி எவ்வளவு யாருக்கு என்று பேரம் பேசும். லேப்டாப் 'டிங்' என்று சத்தம் போடும், பழுது என்று நினைக்காதே. கேபிளையும் கவனி. சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள், உள்ளே ஒரு சிப் இருக்கும். போனோடு வந்த கேபிளில் லேப்டாப்பை மாட்டிவிட்டு ஏறவில்லை என்று சார்ஜரைத் திட்டுகிறவர்கள்தான் நிறைய.

சுவரில் இருக்கும் யூஎஸ்பி துளை பெரும்பாலும் 5 வோல்ட், பத்து வாட்டுக்குள்தான் தரும். வாட்சுக்கும் இயர்போனுக்கும் சரி, லேப்டாப் திரும்பியும் பார்க்காது. குளியலறையில் ஷேவர் படம் போட்ட துளை இருக்குமே, அதன் பின்னால் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், தாங்குவது ஐம்பது வாட்டுக்குள்தான். அங்கே லேப்டாப்பைச் செருகாதே, பிள்ளைகளின் டேப்லெட்டையும் செருகாதே. சூடாகி அதன் கட்-அவுட் விழுந்தால் அப்புறம் மாப்பிள்ளைக்கு ஷேவிங்கும் கிடையாது.

சில கப்பல்களில் கதவருகே கார்டு செருகும் பொந்து இருக்கும். கார்டை எடுத்தால் விளக்கு அணையும். சாக்கெட்டும் சேர்ந்து அணைகிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடு. போனைச் செருகிவிட்டுக் கார்டை எடு, சார்ஜ் குறி போகிறதா என்று பார். போனால் நீங்கள் அறையில் இருக்கும் நேரத்தில்தான் ஏறும், சாப்பாட்டுக்குப் போகும்போது ஏறட்டும் என்று நினைத்தது நடக்காது.

பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும், போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டியில் வேண்டாம். எதுவாக இருந்தாலும் மெத்தை மேலேயோ தலையணை அடியிலோ வைத்து ஏற்றாதே, மேசையில் வெறும் பலகை மேல் வை. பால்கனியில் வைத்துவிட்டுப் போகாதே. 2006 மார்ச்சில் ஜமைக்கா பக்கத்தில் 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலில் பால்கனியில் பிடித்த தீ அடுக்கடுக்காக மேலே ஏறியது, ஒருவர் இறந்தார். அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணை சொன்னது. அதற்குப் பிறகுதான் பால்கனிச் சாமான்களுக்கே சர்வதேச விதி இறுகியது. நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. கருகல் வாடை வந்தால், கைக்கு எட்டுமானால் பிளக்கைப் பிடுங்கு. எட்டாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து கப்பல் ஆட்களுக்குப் போன் பண்ணு. வாடைக்கான காரணத்தைத் தேடிக்கொண்டு உள்ளே நிற்காதே.

பால்கனியில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசை வரும், வரட்டும். ஆனால் ஏசியில் குளிர்ந்த லேப்டாப்பைச் சட்டென்று அந்தப் புழுக்கத்துக்குக் கொண்டுபோனால் உள்ளேயே வியர்க்கும். மூடி, பைக்குள் வைத்து, அரை மணி வெளியே இருந்த பிறகு திற. உள்ளே வந்ததும் லேசாக ஈரம் பட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை. யூஎஸ்பி வாயில் உப்பு படிந்தால் செம்பு பச்சை பிடிக்கும்.

இனி நெட். துறைமுகத்தை விட்டதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதன் பிறகு வைஃபையை மட்டும் போடு. இல்லையென்றால் கப்பலுக்குள்ளேயே இருக்கும் செல் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன் பில் உன் சாதாரண ரோமிங் பேக்கில் சேராது. ஆபீசுக்குள் நுழைய எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருமென்றால் அந்த நேரத்தில் வராது. கிளம்புமுன்பே ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றி, வீட்டில் ஒருமுறை சோதித்துவிடு. கப்பல் நெட்டைக் கருவிக் கணக்கில் விற்பார்கள், முன்கூட்டி வாங்கினால் பெரும்பாலும் மலிவு. ஒரு கருவிக்கு வாங்கினாலும் போனில் லாக்-அவுட் செய்து லேப்டாப்பில் நுழையலாம். லாகின் பக்கம் வரவில்லையென்றால் விபிஎன்னை அணைத்துவிட்டு நுழை, பிறகு விபிஎன்னைப் போடு. விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்துவிடு, பெரிய அப்டேட் அந்த நேரம் பார்த்து இறங்காது.

2022-லிருந்து பெரிய நிறுவனங்கள் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் நெட்டைப் போடத் தொடங்கிவிட்டன. பழைய செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரம், இது சுமார் 550. அதனால் பேச்சு இடறுவது குறைந்திருக்கிறது. கேபின் சுவர் இரும்பு, சிக்னல் வருவது நடைபாதையிலிருந்து. மீட்டிங்கைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசு, ஜன்னலோரம் அல்ல. சொந்த ரூட்டர் கொண்டுபோகாதே, அதையும் தடுக்கிறார்கள்.

புக்கெட்டில் கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கி ஏரோப்ளேன் மோடை எடுத்ததும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால் நீங்கள் திரும்பி வரும்போது கப்பல் இருக்காது. போனிலும் லேப்டாப்பிலும் தானாக நேரம் மாறுவதை அணைத்து வை, கப்பல் நேரம் என்ன என்பதைத் தினமும் கேபினுக்கு வரும் தாளில் பார்.

சம்பந்தி தூங்கும்போது மூச்சுக்கு மாட்டிக்கொள்ளும் மிஷினை (சிபாப்) பற்றி யாராவது யோசித்தீர்களா? அவர் கட்டிலுக்கும் சாக்கெட்டுக்கும் தூரம் இருக்கும், எக்ஸ்டென்ஷன் நீங்கள் கொண்டுபோக விடாமல் போகலாம். கப்பல் நிறுவனத்தில் மருத்துவத் தேவைக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே இப்போதே எழுதினால் அவர்களுடைய எக்ஸ்டென்ஷன் வயரைக் கேபினில் வைத்துவிடுவார்கள். மிஷினில் ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கேட்டு வை, அது சில நேரம் காசுக்குத்தான். மிஷினைக் கைச்சாமானில் கொண்டுபோகச் சொல். கப்பல் ஏறிய பிறகு கேட்டால் அன்றிரவுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அவர் வயதுக்கு ஓர் இரவும் வீணாகக்கூடாது. மாப்பிள்ளையை இன்றைக்கே அந்த மெயிலைப் போடச் சொல்லம்மா.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி