மூன்று மணிக்குப் பிறகு: ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 செப்டம்பர் 1 உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு முந்தைய மாதம்தான் காசாவில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ வந்திருப்பது உறுதியானது. 25 ஆண்டுகளில் அங்கே அதுதான் முதல் முறை. சாக்கடை நீரிலும் கிருமி இருந்தது. சரி, சொட்டு மருந்து கொடுத்தாக வேண்டும். ஆனால் குண்டு விழும் ஊரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வெளியே வருவார்கள்?

இஸ்ரேலும் ஹமாஸும் ஒத்துக்கொண்டன. செப்டம்பர் 1 முதல் பகுதி பகுதியாக, காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை சண்டை இல்லை. ஐஸ் பெட்டியில் மருந்துக் குப்பிகள் போயின. அம்மாக்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். வாயில் இரண்டு சொட்டு, விரலில் மை, அடுத்த குழந்தை. முதல் சுற்றில் மட்டும் சுமார் 5.6 லட்சம் குழந்தைகள்.

மூன்று மணிக்குப் பிறகு? அதே குழந்தைதான், அதே கூடாரம்தான். விரலில் மை காய்ந்திருக்கும், அவ்வளவே. அக்டோபரில் இரண்டாம் சுற்று வந்தபோது, குண்டுவீச்சு காரணமாக வடக்கில் முகாமையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதை 2018-லேயே 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தவர்கள் நீங்கள். 2025 மார்ச் 2 அன்று இஸ்ரேல் உதவி லாரிகளை நிறுத்தியது. பதினோரு வாரம் அப்படியே போனது. ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று உறுதிசெய்தார்கள். சண்டையை நிறுத்தக் கோரிய வரைவுகளை அதற்கு முன்னும் பின்னும் அமெரிக்கா வீட்டோ போட்டுத் தடுத்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த வரைவை ரஷ்யாவும் சீனாவும் தடுத்தன. கை தூக்குவதில் மட்டும் யாருக்கும் களைப்பு இல்லை.

ஹமாஸுக்கும் இதே கணக்குதான். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலின் கிப்புட்ஸ் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு) வீடுகளிலும் நோவா இசை விழாவிலும் மற்ற இடங்களிலும் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். ஒரு பக்கத்துச் சாவைச் சொன்னால் இன்னொரு பக்கத்தை மறைக்கிறாய் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வரட்டும்.

2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தது. நவம்பரில், காசா அமைதித் திட்டத்தை ஆதரிக்கும் 2803-ஆம் தீர்மானத்தையும் நிறைவேற்றினீர்கள். நல்லது. அப்புறம் ஒன்று செய்யுங்கள். காசாவின் எந்த எல்லை வாசலில் எத்தனை உதவி லாரி எத்தனை நாள் நின்றது, நிறுத்தியது யார், சொன்ன காரணம் என்ன என்பதை வாரா வாரம் உங்கள் கூட்டத்தில் வாசிக்க வையுங்கள். ஆஸ்பத்திரியைத் தாக்கியவர்களின் பெயரையும், அதை மறைவிடமாக்கியவர்களின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள்.

போலியோ முகாமுக்குப் போட்ட நேர அட்டவணை உங்கள் அலுவலகத்தில் எங்காவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். பிற்பகல் 3 மணி என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு, அதில் உங்கள் கையெழுத்தைப் போட்டுத் தாருங்கள்.