கவ்வாத்து மலையில் ஒரு பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் 31 வருஷம் கவ்வாத்து வெட்டினேன்; அதாவது, செடியின் மேற்கிளைகளை வெட்டிவிடும் வேலை. போன மாதம் பேத்தி உயிரியல் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். செடியின் நுனியில் பிரியிழையம் இருக்கிறதாம். ஓயாமல் பிரிந்து புதுக் கலங்களைத் தருவது அதுதான். நுனியில் உண்டாகும் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் கீழே இறங்கி, இலைக்கக்கத்து அரும்புகளை, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்து அரும்புகளை, வளரவிடாமல் அடக்கி வைக்குமாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அடக்கத்தை உடைத்தது என் கத்தி அல்லவா!

விட்டுவிட்டால் தேயிலை மரமாகிவிடும். நுனியை வெட்டுகிறோம், அடங்கிக் கிடந்த அரும்புகள் விழிக்கின்றன, செடி பக்கவாட்டில் பரந்து இடுப்பளவில் நிற்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும்போதும் இதேதான். வெட்டிய மொட்டைச் செடி துளிர்ப்பது வேரில் சேர்த்த மாச்சத்தால். அதனால் வாடிய செடியில் நான் கத்தி வைக்க மாட்டேன்.

இப்போது எங்கள் மலையில் கத்தரியால் கொழுந்து வெட்டுகிறார்கள். ஆள் பற்றாக்குறை, சரி. ஆனால் கத்தரிக்குப் பறிக்கும் கொழுந்தும் தெரியாது, அடுத்த சுற்றுக்கு விட வேண்டிய பிஞ்சும் தெரியாது. பார்க்க வயிறு எரிகிறது.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களே, இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகளைக் கவ்வாத்து மலைக்குக் கூட்டிவாருங்கள். வெட்டிய கிளையில் அரும்பு எங்கே முட்டுகிறது என்று நானே காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கவ்வாத்துத் தொழிலாளி,
ஹட்டன்