பீரோவுல இருக்கிற சிடி பத்தி தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கியா. லீட்ஸ்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும், சளிய சும்மா விட்டுடாத. போன்ல பேசுறப்போ ஹால் பீரோவுல இருக்கிற சிடி எல்லாத்தையும் யாருக்காச்சும் குடுத்துரும்மா, எல்லாப் பாட்டும்தான் ஆப்ல இருக்கேன்னு சொன்னே. போன்ல பதில் சொன்னா பாதியில உனக்கு மீட்டிங் வந்துரும், அதான் எழுதுறேன், ஞாயித்துக்கிழமை உக்காந்து பொறுமையா படி.

சிடிதான் ஒசத்தி, பைல் எல்லாம் ஒண்ணுமில்லன்னு சண்டை போட வரலடா. நீ இருக்கிறது ஒரு ரூம் வீடு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வீடு மாத்துறே, உன்னைப் போய் சிடிய பெட்டி கட்டி தூக்கிட்டு அலைன்னு சொல்லுவேனா. நீ பூட்டு போடாத பைலா, அதாவது எந்த பிளேயர்ல போட்டாலும் பாடுற பைலா, காசு குடுத்து வாங்கு, உனக்கு அதுதான் சரி. ஆனா ஆப்ல இருக்கிறத நம்மகிட்ட இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வீட்ல இருக்கிறத தொலைச்சுடாதன்னுதான் சொல்றேன்.

2023 மார்ச்ல ஸ்பாட்டிஃபை ஆப்ல ஜீ மியூசிக் கம்பெனி பாட்டெல்லாம் ஒரே நாள்ல காணாம போச்சே, உனக்கு ஞாபகம் இருக்கா, ரெண்டு கம்பெனிக்கும் லைசென்ஸ் பேச்சு படியல, அவ்வளவுதான் விஷயம், மாசா மாசம் காசு கட்டிக் கேட்டவங்களுக்கும் அந்தப் பாட்டு இல்லாம போச்சு. அடுத்த வருஷம் விங்க் மியூசிக் ஆப்ப ஏர்டெல் இழுத்து மூடிட்டாங்க. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்க வியாபாரம் அவங்களுக்கு. ஆனா நாம வருஷக்கணக்கா பாத்துப் பாத்து சேத்த லிஸ்ட் அவங்க ஒப்பந்தத்த நம்பி நிக்குது பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல.

நீ சின்னப் பையனா இருந்தப்போ இதவிட மோசமா ஒரு காலம் இருந்துச்சு. 2003 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஆப்பிள் கம்பெனி ஐட்யூன்ஸ்னு பாட்டுக் கடை தொறந்தாங்க, ஒரு பாட்டு 99 சென்ட், காசு குடுத்துதான் வாங்குறே, ஆனா அந்தப் பாட்டுல பூட்டு, நீ பதிஞ்சு வச்ச மூணு கம்ப்யூட்டர்ல, பின்னாடி அஞ்சுல, மட்டும்தான் பாடும், வேற கம்பெனி பிளேயர்ல போட்டா பாடாது. புடவைய விலை குடுத்து வாங்கிட்டு ஒவ்வொரு தடவை கட்டுறப்பவும் கடைக்காரருக்கு போன் போட்டு கட்டிக்கலாமான்னு கேட்டா எப்படி இருக்கும், அப்படி. அதுலயும் கடையே மூடிட்டா யாரைக் கேக்குறது? 2008ல அப்படித்தான் ஆச்சு. மைக்ரோசாப்ட்டோட எம்எஸ்என் மியூசிக்னு பாட்டுக் கடைய முன்னாடியே மூடிட்டாங்க, அந்த ஏப்ரல்ல பூட்டத் தொறக்கிற சர்வரையும் நிறுத்தப் போறோம்னு சொன்னாங்க, ஜனங்க சத்தம் போட்ட பிறகு 2011 கடைசி வரைக்கும் ஓட்டுறோம்னாங்க. ஜூலைல யாகூவும் அதையே சொல்லிச்சு, அப்புறம் பணத்த திருப்பிக் குடுத்தாங்க, ஆனா மொதல்ல வாங்கினவங்களுக்கு சொன்ன யோசனை என்ன தெரியுமா, பாட்ட எல்லாம் ஒரு சிடில எழுதி வச்சுக்கோங்கன்னு. எனக்கு அது மனசுல அப்படியே நின்னுடுச்சு.

சிடிக்காரங்க மட்டும் யோக்கியமான்னு நீ கேப்பே, கேளு. 2005ல சோனி பிஎம்ஜி அம்பதுக்கும் மேல ஆல்பத்துல ஒரு ரகசிய சாப்ட்வேர வச்சு வித்தாங்க, சிடிய கம்ப்யூட்டர்ல போட்டதும் அது போய் விண்டோஸ் உள்ள ஒளிஞ்சுக்கும், இஷ்டத்துக்கு காப்பி எடுக்க விடாது, வைரஸுக்கும் வழி விட்டுச்சு. மார்க் ருசினோவிச்னு ஒருத்தர் தன்னோட கம்ப்யூட்டர்லயே அத கண்டுபிடிச்சு அக்டோபர் 31ஆம் தேதி எழுதினார், அடுத்த மாசமே அந்த சிடிய எல்லாம் திருப்பி வாங்குறோம்னு கம்பெனி எறங்கி வந்துச்சு. அதனால பூட்டுன்னா எதுல இருந்தாலும் பூட்டுதான். எனக்கு சிடியா பைலாங்கிறது ரெண்டாவது கேள்வி, அதுல பூட்டு இருக்கா இல்லையாங்கிறதுதான் மொத கேள்வி.

நல்ல வேளையா அந்தப் பூட்டு ரொம்ப வருஷம் தாங்கல. 2007ல ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே பூட்டு வேண்டாம்னு வெளிப்படையா எழுதினார், மே மாசம் ஐட்யூன்ஸ்ல ஈஎம்ஐங்கிற பாட்டுக் கம்பெனியோட பாட்ட மட்டும் 30 சென்ட் கூட வச்சு பூட்டு இல்லாம விக்க ஆரம்பிச்சாங்க, செப்டம்பர்ல அமேசான் பூட்டே இல்லாத எம்பி3 கடை தொறந்தாங்க, 2009ல ஐட்யூன்ஸ்ல எல்லாப் பாட்டும் பூட்டில்லாம ஆச்சு. நம்ம நாட்டுல ஐட்யூன்ஸ் கடை வந்ததே 2012 டிசம்பர்லதான், அதனால நம்ம ஜனங்களுக்கு அந்தக் கஷ்டம் அவ்வளவா தெரியாது. அதே வருஷம் பிப்ரவரியில ஃபிளிப்கார்ட் ஃபிளைட்னு ஒரு பாட்டுக் கடை போட்டாங்க, பூட்டில்லாத எம்பி3, நான் அதுல வாங்கியிருக்கேன். 2013 ஜூன்ல மூடிட்டாங்க, ஒன்றரை வருஷம்கூட ஓடல. ஆனா பாரு, கடை போயி இத்தனை வருஷம் ஆச்சு, நான் எறக்கி வச்ச பாட்டு இன்னைக்கும் சமையக்கட்டுல இருக்கிற பழைய போன்ல பாடுது, யாரையும் கேக்கல. பூட்டில்லாத பைலோட அருமை அதுதான்டா, வித்தவன் இல்லாம போனாலும் பாட்டு இருக்கும்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ, ஐட்யூன்ஸ்ல வாங்கின பைல்ல பூட்டு இல்லாட்டியும் உன் பேரும் ஈமெயிலும் உள்ள எழுதியிருக்கும். நீயே கேட்டுக்கிறதுக்கு ஒரு தொல்லையும் இல்ல, ஆனா நாலு பேருக்கு அனுப்பிடாத, பாட்டு போட்டவங்களும் பொழைக்கணும்.

சரி, பைல் இவ்வளவு நல்லதுன்னா சிடி எதுக்குன்னு கேப்பே. கைமாத்துறதுக்குடா. அமெரிக்காவுல ரீடிஜின்னு ஒரு கம்பெனி ஐட்யூன்ஸ்ல வாங்கின பாட்ட செகண்ட் ஹேண்டா விக்க வழி பண்ணாங்க, கேபிடல் ரெக்கார்ட்ஸ் கேஸ் போட்டாங்க, 2018 டிசம்பர்ல அப்பீல் கோர்ட்டும் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போறப்போ புதுசா ஒரு காப்பி உண்டாகுது, அத உண்டாக்க உனக்கு உரிமை இல்லங்கிறது கணக்கு. சிடிய மட்டும் விக்கலாம், குடுக்கலாம், யாரும் கேக்க முடியாது. பீரோவுல இருக்கிறதுல பாதி உங்க தாத்தா வாங்கினது, பாதி நான் வாங்கினது, அது இன்னைக்கும் உனக்கு சேரும். அப்படியே எடுத்துக் குடுக்கிற மாதிரி ஒரு சாமான்கூட என் போன்ல இல்ல.

அப்புறம் அந்த உள்ள வச்ச கார்டு. ரகுமான் சிடி கார்ட பிரிச்சுப் பாரு, புல்லாங்குழல் யாரு, கிடார் யாரு, கோரஸ்ல யார் யார், எந்த இன்ஜினியர் ரெக்கார்ட் பண்ணார்னு பொடி எழுத்துல இருக்கும், மடிப்பு கிழிஞ்ச இடத்துல நான் டேப் ஒட்டியிருக்கேன். ஆப்ல பாடினவங்க பேரே பாதி தப்பா இருக்கு. ராஜா பாட்டுக்கு அப்ப அமெரிக்காவுல ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ்னு ஒரு கம்பெனி சிடி போட்டாங்க, அதெல்லாம் இன்னைக்கும் ரசிகருங்க தேடி அலையுற சரக்கு, அதுல கேக்குற தபேலாவ அதே பாட்டு ஆப்ல வர்றப்போ கேட்டுப் பாரு, சிலதுல எல்லாத்தையும் ஒரே சத்தமா ஏத்தி வச்சு தபேலாவோட அந்த அதிர்வே அமுங்கிப் போயிருக்கும். இது என் காது சொல்றது, நீ வந்தா ரெண்டையும் போட்டுக் காட்டுறேன்.

சிடிக்கு சாவே இல்லன்னும் நம்பிடாத. நம்ம வீட்ல நாமளே எழுதின சிடி எல்லாம் சாயத்துல எழுதுறது, வெயிலும் வேக்காடும் சேந்து அதுல பலது படிக்காம போச்சு. கடையில வாங்கினது தாங்கும், ஆனா எல்லாரும் பளபளன்னு இருக்கிற அடிப்பக்கத்தையே காப்பாத்துவாங்க, நெஜத்துல பாட்டு இருக்கிற படலம் பேர் அச்சடிச்ச மேல்பக்கத்துக்கு ஒட்டினாப்ல இருக்கு, அடிப்பக்கம் கீறினா தேச்சு சரி பண்ணலாம், மேல்பக்கம் கீறினா போச்சு. நீ அங்க சேரிட்டி ஷாப்ல பழைய சிடி எடுக்கிறதா சொன்னியே, ஓரம் பழுப்பேறியிருக்கான்னு வெளிச்சத்துல பாரு. உங்க பக்கத்துல லங்காஷயர்ல பிளாக்பர்ன்னு ஊர்ல பிடிஓன்னு ஒரு பேக்டரியில 1988ல இருந்து 1993 வரைக்கும் போட்ட சிடி நிறைய அப்படிக் கெட்டுப்போச்சு, நடு வளையத்துல பிடிஓன்னு போட்டிருந்தா உஷாரா இரு.

இன்னொன்னு, அங்க இங்கிலாந்துல சட்டம் விசித்திரமா இருக்கு. சொந்த சிடிய சொந்த உபயோகத்துக்கு காப்பி எடுத்துக்கலாம்னு 2014 அக்டோபர்ல விட்டாங்க, 2015 ஜூலைல ஹைகோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. நம்ம காப்பிரைட் சட்டத்துல 52ஆவது பிரிவு சொந்த உபயோகத்துக்கு நியாயமா எடுத்துக்க இடம் குடுக்குது. அதனால சிடிய இங்கயே நான் பைலாக்கிட்டு இருக்கேன், எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு சாப்ட்வேர், கீறல் இருந்தா திரும்பத் திரும்ப படிச்சுப் பாத்து, அதே சிடிய ஊர் உலகத்துல வேற யாராச்சும் எடுத்திருந்தா அந்தக் கணக்கோட நம்ம கணக்கும் பொருந்துதான்னு சொல்லும். பொருந்திடுச்சுன்னா அந்தப் பைல்ல இருக்கிறதும் சிடில இருக்கிறதும் ஒண்ணுதான், துளி குறையாது.

நீ புதுசா வாங்குறப்போ ஃபிளாக், அதாவது சத்தம் துளி குறையாம சுருக்கி வைக்கிற பைல், கிடைச்சா அதையே வாங்கு, அஞ்சு நிமிஷப் பாட்டு 30 எம்பி சுமாருக்கு வரும், எம்பி3னா 12 எம்பி, இப்ப இருக்கிற டிஸ்க் விலைக்கு அது ஒரு இடமே இல்ல. ஃபிளாக்ல இருந்து எப்ப வேணா எம்பி3 பண்ணிக்கலாம், எம்பி3ல போன சத்தம் திரும்ப வராது. பேண்ட்கேம்ப்னு இணையத்துல இருக்கிற பாட்டுக் கடையில ரெண்டும் குடுக்குறாங்க, பாடினவங்களுக்கும் நல்ல பங்கு போகுது. ஆனா வாங்கின அன்னைக்கே எறக்கிடு, அந்தக் கடையே 2022ல ஒரு கைக்கும் 2023ல இன்னொரு கைக்கும் மாறிடுச்சு, அங்கயே இருக்கட்டும்னு விடாத. எறக்கினத ரெண்டு இடத்துல வை, ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட.

இதுவரைக்கும் பைலாக்கினது எல்லாம் ஒரு சின்ன டிஸ்க்ல போட்டு வச்சிருக்கேன், ஜனவரியில நீ வரப்போ எடுத்துட்டுப் போ. வெளிய வாங்கி மாட்டுற சிடி டிரைவ் அங்க மலிவா கிடைச்சா ஒண்ணு கொண்டு வா, இங்க இருக்கிறது தட்டு வெளிய வர மாட்டேங்குது. பீரோ சாவி என்கிட்டயேதான் இருக்கு, சிடிய யாருக்கும் குடுக்கல.

அன்புடன்,
அம்மா