கோச்சைத் தூக்குவதற்கு முன்னால்: ஹாக்கி இந்தியாவுக்கு ஒரு திறந்த மடல்

ஹாக்கி இந்தியா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்திய ஆண்கள் அணி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போதும், ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவோம். "கோச்சைத் தூக்கு" என்று ஒரு கட்சி. "அவரையும் அனுப்பிவிட்டு யாரைக் கொண்டுவரப் போகிறீர்கள்" என்று எதிர்க்கட்சி. உங்கள் காதிலும் இது விழாமல் இருக்காது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் என் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணங்கள் எனக்கே பாதி ஒப்பவில்லை. அதனால்தான் இதை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2025 ஜூனில் ஐரோப்பாவில் நடந்த, நாடுகள் மோதும் புரோ லீக் தொடரின் ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்திடம் இரண்டு, அர்ஜென்டினாவிடம் இரண்டு, ஆஸ்திரேலியாவிடம் இரண்டு, பெல்ஜியத்திடம் ஒன்று என்று வரிசையாக ஏழு தோல்வி. பெல்ஜியத்திடம் 3-6 என்று அடி வாங்கியதைத் தவிர மற்ற ஆறும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போனவை. கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றும், ஒன்பது அணிகளில் எட்டாவது இடம்தான் கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளர் கிரேக் ஃபுல்டனை அனுப்பச் சொல்லிக் கூச்சல் கிளம்பியது. நீங்கள் அனுப்பவில்லை. செப்டம்பர் 7 அன்று ராஜ்கிரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 4-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையையும், கூடவே உலகக் கோப்பைக்கான இடத்தையும் அதே அணி, அதே கோச்சோடு வாங்கிக்கொண்டு வந்தது.

"பார்த்தீர்களா, பொறுமையாக இருந்தால் பலன் கிடைக்கும்" என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். சரி, ஆனால் 2017-ஐ என்ன செய்வது? அந்த ஆண்டு லண்டனில் நடந்த உலக லீக் அரையிறுதிச் சுற்றில் மலேசியாவிடமும் கனடாவிடமும் தோற்றோம். செப்டம்பர் தொடக்கத்தில் அப்போதைய கோச் ரோலண்ட் ஓல்ட்மன்ஸை நீக்கினீர்கள். பெண்கள் அணியோடு இருந்த ஷோர்ட் மரைனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தீர்கள். அக்டோபரில் டாக்காவில் மலேசியாவை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பை வந்தது. டிசம்பரில் புவனேஸ்வரில் உலக லீக் இறுதிச் சுற்றில் வெண்கலமும் வந்தது. இப்போது தூக்கச் சொல்லும் கட்சிக்காரர்கள் இதைக் காட்டினால் என்ன பதில் சொல்வது? ஒரு முறை கோச்சைத் தூக்கிவிட்டு ஆசியக் கோப்பையை வென்றோம், ஒரு முறை தூக்காமல் வென்றோம்.

இதைவிட வேடிக்கை 2023. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்து, 3-3 ஆக விட்டு, ஷூட்-அவுட்டில் வெளியேறினோம். அப்போதைய கோச் கிரஹாம் ரீட் ராஜினாமா செய்தார். ஃபுல்டன் வந்து பொறுப்பேற்பதற்குள் மார்ச்சில் ரூர்கேலாவில் புரோ லீக் ஆட்டங்கள் வந்துவிட்டன. தலைமைப் பயிற்சியாளர் என்று யாருமே முறையாக அமராத அந்த இடைவெளியில், அப்போதைய உலக சாம்பியன் ஜெர்மனியை இதே பையன்கள் இரண்டு முறை வென்றார்கள். அந்த ஒரு வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கோச்சே தேவையில்லை என்றுதான் முடிவுக்கு வர வேண்டும்!

அணி கீழே விழுந்துகிடக்கும்போதுதான் கோச்சை மாற்றுகிறோம். விழுந்த அணி, யார் கோச்சாக இருந்தாலும், கொஞ்ச நாளில் எழுந்துதான் நிற்கும். அதைப் புது ஆளின் மந்திரம் என்று எழுதுகிறோம். பழைய ஆள் இருந்திருந்தால் அது பொறுமையின் பலன் ஆகியிருக்கும். நாலைந்து ஆட்டங்களின் முடிவை வைத்து ஒரு கோச்சை எடைபோட முடியாது என்பதுதான் என் வாதம். அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது? அதை நீங்கள் இதுவரை தெளிவாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கோச்சின் கைவேலை தெரிகிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனோடு நடந்த காலிறுதியை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது கால் பகுதியின் தொடக்கத்திலேயே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர், அதாவது நம் தவறுக்குத் தண்டனையாக ஒரு கோல் வாய்ப்பு, கிடைக்கும்போது பந்தை நோக்கி முதலில் பாய்கிற ஆள் அவர்தான். மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேர். அவரில்லாமல் யார் முதலில் ஓடுவது, நடுக்களத்தில் ஏற்பட்ட ஓட்டையை யார் அடைப்பது, முன்வரிசையில் யாரைப் பின்னால் இழுப்பது என்று அந்த நிமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. முன்பே பழகியிருக்க வேண்டும். பழகியிருந்தார்கள். 1-1 என்று பிடித்து நிறுத்தினார்கள், ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். தடுப்பைச் சரிசெய்தால் வெற்றி தானே வரும் என்று ஃபுல்டன் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முடிவு மட்டும் வேறு மாதிரி போயிருந்தால்? ஷூட்-அவுட்டில் இரண்டு பந்து தப்பியிருந்தால் வெண்கலப் பதக்கம் இல்லை, அவரைத் தூக்கச் சொல்லி நாங்கள் அன்றைக்கே கிளம்பியிருப்போம். அவர் செய்த வேலை மட்டும் அதேதான்.

அவர் மேல் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த ஏழு தோல்விகளில் சில, ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் வாங்கிய கோல்களால் வந்தவை. அந்த நிமிடங்களை ஊன்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதை எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். நம் கோலுக்கு முன்னால் உள்ள சர்க்கிளுக்குப் பக்கத்தில் பந்து. தடுப்பாட்டக்காரர் அதை ஓரக்கோட்டுப் பக்கம் அடித்து வெளியே அனுப்பப் பார்க்கிறார். வாங்கிக்கொள்ள வேண்டிய நடுக்கள வீரர் களைத்துப்போய் இரண்டடி பின்னால் நிற்கிறார். பந்து எதிரணியிடம் போகிறது, பதினைந்து வினாடியில் திரும்ப உள்ளே வருகிறது, யாராவது ஒருவர் காலில் படுகிறது, பெனால்டி கார்னர். களைத்த ஆளை இரண்டு நிமிடம் முன்பே மாற்றியிருக்க வேண்டியவர் கோச்தான். அந்தப் பழி அவருக்கு உரியது, சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இந்த வியாதி ஃபுல்டனோடு வந்ததா? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தோடு 1-0 என்று முன்னால் இருந்தோம், வென்றால் அரையிறுதி. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு கோல் வாங்கி 1-1. அப்போது கோச் வாசுதேவன் பாஸ்கரன், 1980-இல் மாஸ்கோவில் நமக்குத் தங்கம் வாங்கித்தந்த அணியின் கேப்டன். 2014-இல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோப்பையில் பெல்ஜியத்திடமும் இங்கிலாந்திடமும் கடைசி நேர கோல்களால் தோற்றோம். கோச், ஆஸ்திரேலியாவின் டெர்ரி வால்ஷ். 2018 ஆசியப் போட்டி அரையிறுதியில் ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் மலேசியா சமன் செய்தது, ஷூட்-அவுட்டில் தங்கம் போனது. கோச், ஹரேந்திர சிங். தமிழர், ஆஸ்திரேலியர், பிகார்க்காரர், தென்னாப்பிரிக்கர் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தாயிற்று. வெளிநாட்டு கோச்சா, உள்ளூர் கோச்சா என்று நாங்கள் வருடக்கணக்காக அடித்துக்கொள்கிறோமே, அந்தச் சண்டையையும் இந்தக் கடைசி நிமிட கோல் ஒன்று போல்தான் பார்த்துச் சிரிக்கிறது. கோச் மாறியும் போகாத ஒரு பழக்கம், தேசிய முகாமுக்கு வருவதற்கு முன்பே பையன்களிடம் ஊறிப்போனதாகத்தான் இருக்க வேண்டும். மாநில அணிகளிலும், நிறுவன அணிகளிலும், ஜூனியர் போட்டிகளிலும் ஒரு கோல் முன்னிலையை எப்படிக் காப்பது என்று யார் சொல்லித்தருகிறார்கள்? அந்த வேலை உங்களுடையது, பெங்களூரு முகாமில் நிற்கிற கோச்சுடையது அல்ல.

மாற்றுவதற்கு ஆகும் விலையையும் யோசியுங்கள். 2018 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதும், 2019 ஜனவரியில் ஹரேந்திராவை நீக்கினீர்கள். அடுத்தவரான ரீட் வந்தது ஏப்ரலில். பால் வான் ஆஸ் 2015-இல் வந்தார், அதே ஆண்டு ஜூலையில் போனார். வால்ஷோ ஆசியப் போட்டித் தங்கத்தோடு வந்து, சில வாரங்களில் விளையாட்டு நிர்வாகம் முடிவெடுக்கும் விதம் பிடிக்கவில்லை என்று ராஜினாமா செய்தார். 2009 முதல் 2019 தொடக்கம் வரை பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திரா என்று ஏழு பேர். அதற்குப் பிறகு ரீட், ஃபுல்டன் என்று இரண்டே பேர், இரண்டு ஒலிம்பிக் வெண்கலம். நிலைத்து இருந்ததால்தான் பதக்கம் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல தலைமுறை வீரர்கள் அமைந்தார்கள், ஒடிசா அரசின் பணமும் வந்தது. ஆனால் முந்தைய பத்தாண்டுப் பரபரப்பால் என்ன கிடைத்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அதிகம் இல்லை.

மரைனின் கதையை எடுத்துக்கொண்டாலே போதும். பெண்கள் அணியிலிருந்து ஆண்கள் அணிக்கு, காமன்வெல்த்தில் பதக்கம் இல்லை என்றதும் மறுபடி பெண்கள் அணிக்கு. அவர்தான் அந்தப் பெண்களை டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வரை கொண்டுபோனார். அப்புறம் கிளம்பிவிட்டார். 2025-இல் பெண்கள் அணி புரோ லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழிறங்கியது, அந்த டிசம்பரில், அப்போது அவர்களுடைய கோச்சாக இருந்த ஹரேந்திரா ராஜினாமா செய்தார், 2026 ஜனவரியில் யாரை அழைத்தீர்கள்? மரைனை. ஆண்கள் அணிக்குச் சரிப்படாத ஆளா, பெண்கள் அணிக்கு விடிவு தருகிற ஆளா? எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பது உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது.

அதை வெளியே கொண்டுவரச் சொல்லித்தான் இந்த மடல். ஒரு பக்கத் தாள் போதும். கோச்சிடம் நீங்கள் கேட்டது என்ன என்று அதில் எழுதுங்கள்: எந்தப் போட்டியில் எந்த இடம், எந்தத் தொடர் பரிசோதனைக்கு மட்டும். புரோ லீக்கில் புதுப் பையன்களை இறக்கிப் பார்ப்பது திட்டம் என்றால் அதைத் தொடருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தோற்ற பிறகு சொன்னால் அது சால்ஜாப்பாகத்தான் காதில் விழும். பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பதில் கடைசிச் சொல் யாருடையது என்று எழுதுங்கள். தேர்வுக் குழு கொடுத்த அணிக்குக் கோச்சைத் தண்டிப்பதும், கோச் கேட்ட ஆளுக்குத் தேர்வுக் குழுவைத் திட்டுவதும் இதோடு நிற்கட்டும். நியமனத்தில் ஹாக்கி இந்தியாவுக்கு எவ்வளவு பங்கு, சம்பளம் கொடுக்கும் விளையாட்டு ஆணையத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசிக் கால் பகுதியில் வாங்கிய கோல்கள், கிடைத்த பெனால்டி கார்னர்கள், அதில் ஹர்மன்பிரீத் அடித்தது போக மற்றவர்கள் அடித்தது ஆகிய மூன்று கணக்கையும் ஒவ்வொரு தொடர் முடிந்ததும் வெளியிடுங்கள். பாரிஸில் பத்து கோல் அடித்த ஒரே மனிதரின் மணிக்கட்டை நம்பி இன்னும் எத்தனை நாள் ஓட்டப்போகிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

மறுபரிசீலனை எப்போது என்பதற்கும் ஒரு தேதி வேண்டும். 2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. அது முடிந்து மூன்று வாரம்கூட ஆகாமல் ஜப்பானில் ஆசியப் போட்டி. அங்கே தங்கம் வென்றால் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகப் போய்விடலாம். உலகக் கோப்பையில் சறுக்கினால் அந்த மூன்று வாரத்துக்குள் கோச்சைத் தூக்கச் சொல்லி நாங்கள் நிச்சயம் கத்துவோம். தயவுசெய்து அப்போது எங்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஆசியப் போட்டி முடிந்த பிறகு, அக்டோபரில் உட்காருங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். தேறவில்லை என்றால் மரியாதையோடு விடைகொடுத்து அனுப்புங்கள், நாங்கள் வாய் திறக்க மாட்டோம். அடுத்து வருபவர் கையில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, அதே மாதிரி ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி ரசிகர்