தாத்தாவின் பேனாவுக்கு அடையாளம்

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவின் பேனா பயணத்தில் காணாமற்போய்த் திரும்பக் கிடைத்த விஷயத்தை அம்மா உன்னிடம் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லிவிட்டாள் என்று அறிந்தேன். அவள் சொன்னதில் பாதி பதற்றமும் மீதி என் மேல் உள்ள கோபமுமாகத்தான் இருந்திருக்கும் என்பதால், நடந்ததை நானே முறையாக எழுதிவிடுகிறேன். பேனா இப்போது என் மேசையில் பத்திரமாக இருக்கிறது. அதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் அத்தை, அவளுடைய அப்பாவின் பேனாவால் ஒரு முறையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயணம் செய்யும் உடல்நிலையில் அவள் இல்லாததால் நான்தான் அதை எடுத்துச் சென்றேன். திரும்பும் வழியில் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அது உள்ளே குழாய் எதுவும் இல்லாமல், தண்டிலேயே நேராக மை ஊற்றி எழுதும் பழைய வகை. விமானம் உயரே பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுவரை குறையலாம். அப்போது பேனாத் தண்டுக்குள் அடைபட்டிருக்கும் காற்று விரிந்து, மையை நிப்பின் வழியாக வெளியே தள்ளிவிடும். ஒன்று, காற்றுக்கே இடமில்லாமல் மையை முழுவதுமாக நிரப்பி நிப்பு மேலே பார்க்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். அல்லது, சொட்டு மை இல்லாமல் காலிசெய்துவிட வேண்டும். நான் காலிசெய்து, கழுவித் துடைத்து, மெல்லிய துணியில் சுற்றி, என்னுடைய பழைய கண்ணாடிக்கூட்டில் வைத்து, கையோடு கொண்டுபோகும் பைக்குள் வைத்திருந்தேன்.

விமானத்தில் ஏறும் வாயிலில், மேலே பைகள் வைக்கும் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி, கடைசி வரிசைகளில் நின்றவர்களின் பைகளைச் சரக்கு அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே பவர் பேங்க் இருக்கிறதா என்று கேட்டு அதை எடுக்கச் சொன்னார்கள். லித்தியம் பேட்டரிகளைத் தனியே சரக்கு அறையில் அனுப்ப அனுமதி இல்லை. அதை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கூட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டு வாய் மூடுவதற்குள் பையில் சீட்டைக் கட்டிச் சரிவுப்பாதையில் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் பெல்ட்டில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. எல்லாப் பைகளும் வந்து, எல்லோரும் போய், பெல்ட்டை நிறுத்தியும்விட்டார்கள்.

அப்போது என் மனம் என்ன பாடுபட்டது என்பதை விவரித்து உன்னை வருத்தப்போவதில்லை. ஆனால் அதற்கடுத்து நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பை வராதவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அங்குள்ள முகப்பில் புகார் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பி.ஐ.ஆர். என்று அதைச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாக எழுதலாம் என்று கிளம்பிவிட்டால், பை உண்மையிலேயே வரவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழுந்துவிடும். புகாருக்கு ஓர் எண் கொடுத்தார்கள்: முதல் மூன்று எழுத்துகள் விமான நிலையத்தையும் அடுத்த இரண்டு விமான நிறுவனத்தையும் குறிக்க, பின்னால் ஐந்து இலக்கங்கள்.

முகப்பில் இருந்த இளைஞர் பைகளின் படங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றை நீட்டி, என் பை எந்த வடிவம், எந்த நிறம் என்று காட்டச் சொன்னார். கறுப்பு நிறம், சக்கரம் வைத்த சிறிய பை. அப்படி ஒரு பையோடு அந்த ஒரு விமானத்திலேயே எத்தனை பேர் வந்திருப்பார்களோ! அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். வேறு யார் பையிலும் இருக்க வாய்ப்பில்லாத பொருள் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். கண்ணாடிக்கூட்டில் ஒரு பேனா என்றேன். பேனா எப்படி இருக்கும் என்றார். எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்பதையும் மறந்து நான் சொல்லிக்கொண்டே போனேன். அவரும் பொறுமையாகத் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். இடம் போதவில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

பொருளின் மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் எனக்குக் கை ஓடவில்லை. இந்த விவகாரத்தில் நாடுகளுக்கிடையே 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கழிந்தும் வராத பையைத் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஒரு பயணிக்கு இவ்வளவுதான் என்று அதற்கு உச்சவரம்பு உண்டு. சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 1,288 என்று இருந்த அந்த வரம்பை 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அதற்கும் மேல் மதிப்புள்ள பொருள் என்றால் பையை ஒப்படைக்கும்போதே தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்தியிருக்க வேண்டும். வாயிலில் நின்றபடி இரண்டே நிமிடத்தில் பையைப் பறிகொடுக்கிறவன் எதை அறிவிப்பது என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அது போகட்டும். ஓர் ஆயுட்காலம் எழுதித் தேய்ந்த பேனாவுக்குச் சந்தையில் என்ன விலை வரும்? அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டேன். அம்மாவுக்கு என் மேல் உள்ள கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பையைக் கண்டுபிடித்துத் தந்தது நான் சொன்ன அந்த அடையாளந்தான். ஏற்றி இறக்கும்போது சீட்டு கிழிந்து போயிருக்கிறது. பத்து இலக்க எண் அச்சிட்ட அந்தச் சீட்டு போய்விட்டால் பைக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. நான் போகாத ஏதோ ஒரு விமான நிலையத்தில் அது அநாதையாக நின்றிருக்கிறது. அப்படி நிற்கும் பைகளைச் சில நாட்களுக்குப் பிறகு திறந்து, உள்ளே இருப்பவற்றை வரிசையாகக் குறித்து, உலகமெங்கும் விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் வேர்ல்ட் டிரேசர் என்ற கணினி அமைப்பில் ஏற்றுகிறார்கள். பயணிகளின் புகார்களும் அதே அமைப்பில் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒரு காலை எனக்குத் தொலைபேசி வந்தது. "பேனாவின் கிளிப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டார். பேனா கறுப்பு, கிளிப் மட்டும் பித்தளை, அது இந்தப் பேனாவோடு வந்தது அன்று, வேறொரு பேனாவிலிருந்து கழற்றி மாட்டியது, அதனால் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருக்கும் என்றேன். மறுமுனையில் சிரிப்பது கேட்டது. "சரி ஐயா, உங்களுடையதுதான், அனுப்பிவைக்கிறோம்" என்றார்.

அன்று மாலை முழுவதும் எனக்குள் ஓடிய யோசனை இதுதான். அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டிருந்தால் உன்னால் பதில் சொல்லியிருக்க முடியுமா? தம்பியால்? எனக்குப் பிறகு உங்கள் கையில் இருக்கப்போகிற பொருளை உங்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை என்றால், அது தொலையாமலே தொலைந்ததற்குச் சமம் என்று எனக்குப் பட்டது. ஆகவே அந்த இளைஞரிடம் சொன்னவற்றையும், அவருடைய கட்டத்தில் இடமில்லாததால் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தண்டும் மூடியும் எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள் அது. கறுப்பு என்று சொன்னாலும் வெயிலும் வியர்வையும் பட்ட இடமெல்லாம் பழுப்பேறியிருக்கிறது. மூடியைக் கழற்றினால், மூடிக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் இன்றும் கன்னங்கரேல் என்றிருப்பதைப் பார்க்கலாம். தண்டின் நடுவில் தாத்தா ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள் உண்டு. விரல் பட்டுப்பட்டு மழுங்கிவிட்டதால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். முதலெழுத்து அவருடைய அப்பாவின் பெயர், அடுத்தது அவருடையது. கழுத்தின் மரையில் சிறு விரிசல் இருக்கிறது. மை கசியாமலிருக்க அவர் அதில் மெழுகு தடவித் திருகுவார், நானும் அப்படியே செய்கிறேன். நிப்பு 14 காரட் தங்கம். அவர் பேனாவை நன்றாகச் சாய்த்து, சற்றே இடப்புறம் திருப்பிப் பிடிப்பவர் என்பதால் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அவர் பிடித்த வாகில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், நிமிர்த்திப் பிடித்தால் தாளைக் கீறும். அத்தை அதை வாங்கி, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த வாகில் பிடித்து எழுதினாள். மூடியின் மேல்முனையில் உள்ள பல் தடங்கள் உன்னுடையவை. உனக்குப் பல் முளைத்த காலத்தில் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து நீ செய்த வேலை. தேய்த்து மெருகேற்றித் தருகிறேன் என்று பேனா பழுது பார்ப்பவர் ஒருவர் சொன்னபோது தாத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

எபோனைட்டை வெந்நீரில் கழுவக் கூடாது, உடனே நிறம் மாறிவிடும். ஆறிய தண்ணீரே போதும். மாதக்கணக்கில் எழுதாமல் வைப்பதானால் மையை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். நாலாபுறமும் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிளிப்பும் எழுத்துகளும் தெரியும்படி தனித்தனியாகவும் எடுத்திருக்கிறேன். கண்ணாடிக்கூட்டுக்குள் என் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றை வைத்துவிட்டேன். பேனா உன் கைக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டு உன்னுடையதை எழுதி வை.

இனி அதை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே கூடாது, பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூட்டி வைத்த பேனாவில் மை ஓடாது என்பது ஒருபுறம் இருக்க, அத்தையின் கையில் அது இருந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தவன் நான். கூரியரில் உனக்கு அனுப்பும் துணிச்சல் மட்டும் எனக்கு இல்லை. அடுத்த முறை நீ வரும்போது உன் கையிலேயே தருகிறேன், கொண்டுபோய் எழுது. அம்மாவைச் சமாதானப்படுத்துவது என் பாடு. தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நீ யோசித்து வை. அவனுக்கும் அதன் மேல் ஒரு கண் உண்டு.

அன்புடன்,
அப்பா