இடைவேளையில் நிறுத்தாதே

பென்னாகரம்

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். லீவுக்குப் பிள்ளைகளுக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் போட்டுக் காட்டலாமா, சின்னவன் பயந்துவிடுவானா என்று கேட்டிருந்தாய். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். படத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

பெரியவளுக்கு எட்டு வயசாகிறது, தாராளமாகக் காட்டு. நாலு வயசுக்காரனுக்குத்தான் யோசனை வேண்டும்.

நீ பயப்படுவது கடைசியில் வருகிற ஹிட்லரின் நாஜிக்காரர்களையும் கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்துகொள்கிற காட்சியையும் துப்பாக்கியையும். எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. அந்தப் படத்தில் கண்முன்னே ஒருத்தரும் சாவதில்லை, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. நம்ம பக்கத்துப் பாரதக் கூத்தில் பிள்ளைகள் பார்க்காததா? படுகளத்தன்று அவ்வளவு பெரிய துரியோதனனை மண்ணில் செய்து கிடத்தி, தொடையைப் பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிகிற வரைக்கும் பாட்டி மடியில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். ராத்திரிக் கூத்தில் கட்டியங்காரன் முன்னாடியே வந்து இப்போது யார் வரப்போகிறார், எதற்கு வருகிறார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறான். கதை முன்னமே தெரியும், பக்கத்தில் ஆள் இருக்கிறது, அதனால் பிள்ளை தாங்குகிறது. நீயும் படம் போடுவதற்கு முந்தின ராத்திரி கதையை முடிவோடு சொல்லிவிடு. அந்தக் குடும்பம் கடைசியில் எல்லோரும் சேர்ந்து தப்பித்துவிடுவார்கள் என்பதை மறைக்காதே.

எனக்கு உறுத்தியது வேறு இடம். அம்மாவை இழந்த ஏழு பிள்ளைகள். கடைக்குட்டி கிரெட்டலுக்கு அஞ்சு வயசுதான், நம்ம சின்னவனை விட ஒரு வயசு பெரியவள். விசில் அடித்துக் கூப்பிடுகிற அப்பாவிடம் வளர்கிற அதுகளைப் பார்த்துக்கொள்ளக் கன்னியர் மடத்திலிருந்து மரியா வந்து பாடச் சொல்லிக்கொடுக்கிறாள், இடி இடிக்கிற ராத்திரி கட்டிலில் சேர்த்து உட்காரவைத்துக்கொள்கிறாள், ஜன்னல் திரையைக் கிழித்துச் சட்டை தைக்கிறாள். அப்புறம் ஒரு விருந்து ராத்திரி, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கடிதத்தை வைத்துவிட்டுப் பெட்டியோடு கதவைத் திறந்து போய்விடுகிறாள். சரியாக அந்த இடத்தில்தான் இடைவேளை விடுகிறார்கள்.

நான் பால்வாடியில் அத்தனை வருஷம் பார்த்தது இதைத்தான். "மத்தியானம் வந்துடுவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன அம்மாவின் பிள்ளை அழும், கொஞ்ச நேரத்தில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளும். பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நழுவிப் போன அம்மாவின் பிள்ளை அடுத்த நாள் வாசல்படியைத் தாண்டி உள்ளேயே வராது. நீ இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாய். சின்னவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகிறாய். அவனுக்கு நாஜி என்றால் ஒன்றும் தெரியாது. சொல்லாமல் போகிறவளை நன்றாகத் தெரியும்.

படம் 174 நிமிஷம், ஒரே மூச்சில் எந்தக் குழந்தையும் உட்காராது. நீயும் இடைவேளை என்று எழுத்து வந்ததும் நிறுத்திச் சோறு போட்டுத் தூங்கவைப்பாய். அதை மட்டும் செய்யாதே. முதல் நாள் பிள்ளைகள் பொம்மலாட்டம் நடத்துகிற இடத்தோடு நிறுத்து. அதில் வருகிற ஆடு மேய்க்கிறவன் பாட்டைச் சின்னவன் ரெண்டு மூணு தடவை கேட்பான், போடு. அடுத்த நாள் விருந்தில் ஆரம்பித்து, அவள் போவது, பிள்ளைகள் மடத்துக்கே தேடிப் போவது, அவள் திரும்பி வருவது, கல்யாணம் வரை ஒரே உட்காரலில் காட்டு. கல்யாணத்தோடு அவனுக்குப் படம் முடிந்தது. மிச்சத்தைப் பெரியவளோடு நீ தனியாகப் பார்.

சான்றிதழைப் பார்த்து முடிவு பண்ணலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். 2024 முதல் நம் தணிக்கையிலும் ஏழு வயசு, பதிமூணு வயசு, பதினாறு வயசு என்று, பெரியவர்கள் துணையோடு பார்க்கச் சொல்கிற யு/ஏ சான்றிதழைப் பிரித்துவிட்டார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது முக்கியமாகச் சண்டை, ஆபாசம், கெட்ட வார்த்தை என்று பார்க்கும். உன் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மாதம் எது வலிக்கிறது என்பது எந்த அதிகாரிக்கும் தெரியாது.

பெரியவளிடம் பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஏழு பேரில் மூத்தவளான பதினாறு வயசு லீசலும் தந்தி கொண்டுவருகிற பையன் ரோல்ஃபும் மழையில் பாடுகிறார்கள். உனக்கு உலகம் தெரியாது, வழிகாட்டப் பெரியவன் ஒருத்தன் வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் பாடுகிறான். அவனுக்கே பதினேழுதான். பதினாறு வயசுப் பெண்ணுக்குப் புத்தி போதாது என்று சொல்லிச் சொல்லியே தாலி கட்டிவைத்த வீடுகளை இந்த மாவட்டத்தில் படியேறிப் பார்த்தவள் நான், அந்தப் பாட்டு இனிமையாக இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. ஆனால் வெட்டிவிடாதே. அதே பையன் கடைசியில் சீருடையில் துப்பாக்கியோடு வந்து அந்தக் குடும்பத்தையே காட்டிக்கொடுக்கிறான். அவள் பாட்டையும் பார்க்கட்டும், இதையும் பார்க்கட்டும். நீயாக விளக்கம் சொல்லிவிடாதே. "அவன் அப்போ பாடினது நிஜமா?" என்று மட்டும் கேள்.

"நிஜக் கதையா பாட்டி?" என்று என்னிடம் கேட்பாள், அதனால் உனக்கும் சொல்லிவைக்கிறேன். குடும்பம் நிஜம். மரியா 1927-லேயே பிள்ளைகளின் அப்பாவான கேப்டனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். முதலில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வரவில்லை, காய்ச்சலில் விழுந்து தேறிவந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் வந்தாள். 1938-ல் ஜெர்மனி ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்ட பிறகு அவர்கள் கிளம்பினார்கள். படத்தில் வருகிற மாதிரி மலையேறிப் போகவில்லை, ரயிலில் இத்தாலிக்குப் போனார்கள்.

இங்கிலீஷ் வசனம் சின்னவனுக்குப் புரியாதே என்று கவலைப்படாதே, பாட்டு வரும்போது எழுந்து ஆடுவான். வசனத்தின்போது நீ தமிழில் காதோடு சொல்லிக்கொண்டே வா. போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காராதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பெரியவள் ரோல்ஃபைப் பற்றி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா