கெசல்கமு ஓயா போய்ச் சேருமிடம்

பொகவந்தலாவை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரியில் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் சுகம்.

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நீர்கொழும்புப் பக்கம் முத்துராஜவெலைக்குப் போய்வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கூப்பிடுகிறார்கள். சதுப்பும், கடல்நீர் புகுந்து தேங்குகிற களப்பும் சேர்ந்து 6,000 ஹெக்டேருக்கு மேல். 1996இல் சதுப்பின் ஒரு பகுதியைச் சரணாலயமாக்கினார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஆய்வுக்கு வருகிற இடம். நம்மைப் போல வருகிறவர்களுக்கு ஒரு பார்வையாளர் நிலையமும் இருக்கிறது, அங்கிருந்துதான் படகு.

கண்டல் மரங்களின் வேர் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. அந்த வேர்களுக்குள்தான் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. களப்பில் மீனவர்கள் கண்டல் கிளைகளை வட்டமாக நட்டு, மீன் வந்து தங்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து பிறகு வலை கட்டுகிறார்களாம். மரக்கிளையை நட்டு மீன் வளர்ப்பதை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. மழைவெள்ளத்தையும் அந்தச் சதுப்பு உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. அப்படிப்பட்ட இடத்தின் ஓரத்தில் குப்பையும் மண்ணும் கொட்டி நிரப்பியிருப்பதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உங்கம்மாவின் தூக்குச்சட்டி மூடியை நம் ஊர் ஆறு கெசல்கமு ஓயா அடித்துக்கொண்டு போய், நாம் இரண்டு பேரும் அடி வாங்கினோமே? மூடி காசல்ரீ அணைக்கட்டிலேயே தங்கியிருக்கும். தண்ணீர் தங்கவில்லை. லக்சபானாவில் மின்சாரம் கொடுத்து, கித்துல்கலைப் பக்கம் மஸ்கெலியா ஓயாவோடு கலந்து, களனி கங்கையாகிறது. அந்தக் களனியையும் நீர்கொழும்புக் களப்பையும் இணைக்கிற ஹமில்டன் கால்வாயில்தான் எங்கள் படகு போனது.

இதைச் சொன்னதும் தோட்டத்து லயத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், எங்கப்பா உரச்சாக்கு கழுவுற தண்ணியும் இங்கதான் வருமா?"

வரும் என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை, செல்வம். இத்தனை வருஷம் ஆற்றைப் படத்தில் கோடாகத்தான் காட்டியிருக்கிறேன். அந்தக் கோட்டின் முடிவில் மீன்குஞ்சு இருப்பதை ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது மழை பெய்தால் அவள் ஒரு போத்தலில் ஓயாத் தண்ணீரைப் பிடித்து வந்து வகுப்பு ஜன்னலில் வைக்கிறாள். எவ்வளவு மண் அடியில் படிகிறது என்று மற்றப் பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளக்கிறார்கள். நேற்றைய போத்தலில் இரண்டு விரல் உயரம். எல்லாம் நம் மலையில் தேயிலைச் செடிகளுக்கு அடியில் இருந்த மண்.

உங்கள் பக்கத்து ஓடை எங்கே போகிறது? பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து எழுது.

அன்புடன்,
ராமு